ஸ்கேன்ல பித்தக்குழாய் நார்மல், பயாப்ஸியில பெருக்கம்: எதை நம்புறது?

12 ஜூன் 2023, தகடூரான்

ஒரே ஆளுக்கு ஒரே வாரத்துல வந்த ரெண்டு ரிப்போர்ட். அல்ட்ராசவுண்ட் சொல்றது: "ஐ.எச்.பி.ஆர். விரிவு இல்லை, சி.பி.டி. 4 மி.மீ." அதாவது ஈரலுக்குள்ள ஓடுற பித்தக் கிளைகள் விரியலை, வெளிய வர்ற பொதுப் பித்தக்குழாய் 4 மி.மீ. பயாப்ஸி சொல்றது: "போர்டல் ஓரங்களில் பைல் டக்ட்யூலர் ப்ரொலிஃபெரேஷன்." அதாவது சின்னப் பித்தக்குழாய்கள் பெருகியிருக்கு. என் வாதம் இதுதான். கொலாஞ்சியோல், டக்ட்யூல், கேனாலிகுலஸ், ஹெரிங் கால்வாய்னு புத்தகத்துக்குப் புத்தகம் ஒரு பேர் போட்டாலும் எல்லாம் ஈரலுக்குள்ள ஓடுற சின்னப் பித்தக்குழாய்தான். அது பெருகியிருந்தா ஸ்கேன்ல தெரிஞ்சாகணும். தெரியலைன்னா ரெண்டுல ஒருத்தர் தப்பா எழுதியிருக்காங்க. டி.எம்.எல்.டி. (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) பசங்களுக்கு வகுப்பு எடுக்கணும், சண்டை போடாம யாராச்சும் தெளிவு பண்ணுங்க.

12 ஜூன் 2023, ஒசூர் ஸ்கேன்

சண்டைக்கே வேலையில்லை, ரெண்டு பேரும் சரியாத்தான் எழுதியிருக்காங்க. ஐ.எச்.பி.ஆர்.னு நாங்க எழுதுறது மில்லிமீட்டர் சமாச்சாரம். ஈரலுக்குள்ள பித்தக் கிளை 2 மி.மீ. தாண்டினாலோ, பக்கத்துலயே ஓடுற போர்டல் வெயின் (குடல்ல இருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுவர்றது) கிளையோட அகலத்துல 40 சதவீதத்தைத் தாண்டினாலோ 'விரிவு'ன்னு போடுவோம். அதுக்குக் கீழ என்ன நடந்தாலும் ப்ரோப்புக்குத் தெரியாது. மைக்ரான் கணக்கெல்லாம் பயாப்ஸி ஸ்லைடு பார்க்கிற கண்ணாடிச்சில்லு மேடம் வந்து சொல்லட்டும்.

13 ஜூன் 2023, கண்ணாடிச்சில்லு

தகடூரான் அடுக்கிய நாலு பேரில் கொலாஞ்சியோலும் டக்ட்யூலும் ஒன்று. மற்ற இரண்டும் வேறு வேறு இடம். பித்தம் போகிற வழியிலேயே நாமும் போனால் குழப்பம் வராது.

புறப்படுகிற இடம் கேனாலிகுலஸ். இது குழாயே இல்லை, இடைவெளி. ஒட்டி நிற்கும் இரண்டு ஹெபடோசைட்டின் (ஈரல் செல்) சுவரிலும் ஆளுக்குப் பாதிப் பள்ளம். இரு கரையையும் டைட் ஜங்ஷன் இறுக்கி அடைத்திருக்கும். விட்டம் 1 முதல் 2 மைக்ரான். தனக்கென்று ஒரு செல்கூடக் கிடையாது. எச் அண்ட் ஈ சாயம் போட்ட சாதாரண ஸ்லைடில் ஆரோக்கியமான ஈரலில் இதைத் தேடினால் கிடைக்காது. பித்தம் தேங்கி, பச்சையும் பழுப்புமாக ஒரு குச்சி மாதிரி இரண்டு செல்லுக்கு நடுவே நிற்கும்போதுதான் தெரியும்.

அடுத்தது ஹெரிங் கால்வாய். சுவரில் ஒரு பங்கு ஹெபடோசைட், ஒரு பங்கு கொலாஞ்சியோசைட். ஈரல் செல்லும் பித்தக்குழாய் செல்லும் கைகோக்கும் எல்லைக்கோடு இது. எச் அண்ட் ஈயில் பிடிபடாது. குழாய்ச் செல்லைக் காட்டும் சி.கே.19 அல்லது சி.கே.7 சாயம் போட்டால் போர்டல் ட்ராக்ட்டுக்கு (போர்டல் வெயின், ஆர்ட்டரி, பித்தக்குழாய் மூன்றும் சேர்ந்து ஓடும் பாதை) வெளியே லாப்யூலுக்குள் (ஈரல் செல்கள் நிறைந்த சின்னப் பகுதி) ஒற்றை இழையாக, சில இடத்தில் தனிச் செல்லாக, பழுப்பு நிறத்தில் நிற்கும்.

அதைத் தாண்டினால் டக்ட்யூல். சுற்றிலும் கொலாஞ்சியோசைட் மட்டும்தான். குறுக்கே வெட்டுப்பட்டால் 4, 5 செல். அடியில் பேஸ்மென்ட் மெம்பிரேன் உண்டு. 15 மைக்ரானுக்கு உட்பட்ட விட்டம். லிமிட்டிங் பிளேட்டை (ட்ராக்ட்டைச் சுற்றி நிற்கும் ஈரல் செல் வரிசை) கடந்து போர்டல் ட்ராக்ட்டின் ஓரத்தில் நுழையும். அது போய்ச் சேருவது இன்டர்லாபுலர் டக்ட், 15 முதல் 100 மைக்ரான். அப்புறம் செப்டல், 300 வரை. ஏரியா, 400 வரை. செக்மென்டல், 800 வரை. அதற்கு மேல் ஹெபாடிக் டக்ட். ஸ்கேனில் சொல்கிற 2 மி.மீ. என்பது 2000 மைக்ரான். டக்ட்யூல் நூறு மடங்குக்கு மேல் சின்னது. அது பத்து மடங்கு பெருகினாலும் ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு எழுத்து மாறாது.

13 ஜூன் 2023, தகடூரான்

இப்பத்தான் தெளிஞ்சது மேடம். ரத்தம் எந்தப் பக்கம் ஓடுது, பித்தம் எந்தப் பக்கம் ஓடுதுங்கிறதையும் சேர்த்துச் சொல்லிடுங்க. பசங்க அதுலதான் மாட்டிக்கிறாங்க.

13 ஜூன் 2023, பர்கூர் மெடிசின்

எதிரும் புதிருமா ஓடும். போர்டல் வெயினும் ஹெபாடிக் ஆர்ட்டரியும் கொண்டுவர்ற ரத்தம் போர்டல் ட்ராக்ட்ல இருந்து கிளம்பி சைனுசாய்ட்ங்கிற நுண் ரத்தப்பாதை வழியா லாப்யூல் நடுவுல இருக்குற சென்ட்ரல் வெயினுக்குப் போகும். பித்தம் சென்ட்ரல் வெயின் பக்கத்துல இருந்து போர்டல் ட்ராக்ட்டுக்கு வரும். நம்ம பக்கம் தக்காளித் தோட்டத்துல போடுற சொட்டுநீர்க் குழாயைத் தலைகீழா யோசிங்க. ஆயிரம் துளையில சொட்டுச் சொட்டா உள்ள வாங்கி, பக்கக்குழாய்ல சேர்த்து, கடைசியில மெயின் பைப்ல விடுற மாதிரி.

நாளுக்குச் சுமார் 600 முதல் 800 மி.லி. பித்தம். பெரும்பங்கு ஹெபடோசைட் கேனாலிகுலஸ்ல கொட்டுறது. மிச்சத்தை வழியில குழாய்ச் சுவர் சேர்க்குது.

14 ஜூன் 2023, கண்ணாடிச்சில்லு

அந்த "மிச்சம்" சின்ன விஷயமில்லை, மனிதரில் ஏறக்குறைய கால் பங்கு. குழாய் சும்மா கடத்திவிடுகிற பைப் இல்லை.

கேனாலிகுலஸ் சுவரில் பம்புகள் இருக்கின்றன. பித்த உப்பைத் தள்ளுவது பி.எஸ்.இ.பி.; பிலிரூபின் குளுகுரோனைடைத் தள்ளுவது எம்.ஆர்.பி.2, பாஸ்பாட்டிடைல்கோலின் என்ற பாஸ்போலிப்பிட்டைப் புரட்டிப் போடுவது எம்.டி.ஆர்.3. எம்.ஆர்.பி.2 பிறவியிலேயே வேலை செய்யாவிட்டால் டூபின்-ஜான்சன் நோய்: டைரக்ட் பிலிரூபின் (ஈரல் பதப்படுத்திய மஞ்சள் நிறமி) ஏறும், ஏ.எல்.பி. (பித்தம் தேங்கினால் ரத்தத்தில் ஏறும் என்ஸைம்) ஏறாது, ஈரல் கறுத்துக் கிடக்கும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது. பி.எஸ்.இ.பி. பழுதானால் கதையே வேறு. குழந்தைக்கு அரிப்பு, மஞ்சள், ஆனால் ஜி.ஜி.டி. (இதுவும் அப்படி ஒரு என்ஸைம்) நார்மல். எம்.டி.ஆர்.3 பழுதில் ஜி.ஜி.டி. ஏறும். பாஸ்போலிப்பிட் இல்லாத பித்த உப்பு குழாய்ச் சுவரையே அரிப்பதால் அப்படி.

உப்பு ஆஸ்மாசிஸில் தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும். கேனாலிகுலஸைச் சுற்றி ஆக்டின் வலை உண்டு. அது சுருங்கிச் சுருங்கி முன்னே தள்ளும். பிறகு கொலாஞ்சியோசைட் குளுக்கோஸையும் அமினோ அமிலத்தையும் திருப்பி எடுத்துக்கொள்ளும், தண்ணீரும் பைகார்பனேட்டும் சேர்க்கும். சாப்பாட்டோடு வயிற்று அமிலம் டியோடினத்தில் (சிறுகுடலின் தொடக்கம்) இறங்கினால் செக்ரெட்டின் என்ற ஹார்மோன் சுரக்கும். அது கொலாஞ்சியோசைட்டில் சைக்ளிக் ஏ.எம்.பி.யை ஏற்றும், சி.எஃப்.டி.ஆர். என்ற வாசல் வழியாக குளோரைடு வெளியேறும், ஏ.இ.2 என்ற கடத்தி அந்தக் குளோரைடை உள்ளே வாங்கிக்கொண்டு பைகார்பனேட்டை விடும்.

ஒரு எச்சரிக்கை. செக்ரெட்டினுக்கு இப்படி ஆடுவது பெரிய குழாய்களின் செல். டக்ட்யூலின் சின்ன செல்லில் செக்ரெட்டின் ரிசெப்டார் இல்லை என்றுதான் எலி ஆய்வுகள் காட்டின. அங்கே கால்சியம் வழி. பல கைடுகளில் "டக்ட்யூல் செக்ரெட்டினால் பைகார்பனேட் சுரக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பசங்களுக்கு அதை அப்படியே சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

14 ஜூன் 2023, ஒசூர் ஸ்கேன்

ஹெரிங்னு சொன்னதும் கேட்கணும்னு இருந்தேன். மூச்சுல ஹெரிங்-பிராயர் ரிஃப்ளெக்ஸ்னு ஒண்ணு படிச்சோமே, அதே ஆளா?

14 ஜூன் 2023, பர்கூர் மெடிசின்

அதே ஆள்தான். எவால்ட் ஹெரிங், 1834–1918. கலர் பார்வைக்கு சிவப்பு-பச்சை, நீலம்-மஞ்சள் எதிர்ஜோடின்னு சொன்னவரும் அவரேதான். ஈரலை அப்பப்ப வந்து எட்டிப் பார்த்துட்டுப் போயிருக்கார்.

17 ஜூன் 2023, தகடூரான்

சரி, இப்ப அசல் கேள்வி. "டக்ட்யூலர் ப்ரொலிஃபெரேஷன்"னு பார்த்ததும் அந்த ஆளோட பையன் கேன்சரான்னு கேக்குறான். பெருக்கம்னா கட்டி இல்லையே?

17 ஜூன் 2023, கண்ணாடிச்சில்லு

இல்லை, இல்லவே இல்லை. ஈரல் எங்கோ அடிபட்டதற்குக் காட்டுகிற பதில் அது. இப்போது ரிப்போர்ட்டில் "டக்ட்யூலர் ரியாக்ஷன்" என்று எழுதுவதே வழக்கம், பாதி பீதி அதிலேயே குறையும். எதற்கான பதில் என்பதுதான் கேள்வி, அதற்கு ஸ்லைடில் அக்கம்பக்கம் பார்க்க வேண்டும்.

பெரிய குழாயில் அடைப்பு இருந்தால் போர்டல் ட்ராக்ட் நீர்கோத்து வெளிறி உப்பியிருக்கும், ஓரங்களில் டக்ட்யூல்கள் வரிசைகட்டும், அவற்றைச் சுற்றி நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) நிற்கும். நியூட்ரோஃபில் நின்றாலே கிருமி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டக்ட்யூல் செல்லே அவற்றைக் கூப்பிடும். நியூட்ரோஃபில் இன்டர்லாபுலர் டக்ட்டின் உள்ளே, லூமெனில் இருந்தால்தான் அசெண்டிங் கொலாஞ்சைட்டிஸ் (குடலிலிருந்து ஏறும் குழாய்த் தொற்று) என்று யோசிக்க வேண்டும்.

அடைப்பே இல்லாமலும் வரும். பெரும் நெக்ரோசிஸுக்கு (ஈரல் செல்கள் கூட்டமாகச் சாவது) பிறகு ஹெபடோசைட் தானே பிரிந்து பெருக வழியில்லாதபோது ஹெரிங் கால்வாய்ப் பக்கத்திலிருந்து டக்ட்யூல் மாதிரி இழைகள் முளைக்கும். நம் மாவட்டங்களில் எலி பேஸ்ட், அதாவது மஞ்சள் பாஸ்பரஸ், குடித்து வருபவர்களை நினைத்துப் பாருங்கள். ரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர். எகிறிக் கிடக்கையில் யாரும் ஊசி குத்தமாட்டார்கள், அதனால் ஸ்லைடாக நம் கைக்கு வருவது அபூர்வம். நாட்பட்ட சி வைரஸ், கொழுப்பு ஈரல், குடி, எல்லாவற்றிலும் நார்த்திசு ஏற ஏற டக்ட்யூலும் ஏறும்.

இந்த இழைகள் ஸ்டெம் செல்லிலிருந்து வந்தவையா, இருந்த டக்ட்யூல் நீண்டவையா, ஹெபடோசைட்டே வேஷம் மாறியவையா என்பதில் அடிதடி இன்னும் ஓயவில்லை. மூன்றும் ஒரே ஈரலில் நடக்கலாம் என்பது என் சாய்வு. எச் அண்ட் ஈயை மட்டும் வைத்துக்கொண்டு இது இன்னதுதான் என்று அடித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

18 ஜூன் 2023, அரூர் சிஸ்டர்

பெரியவங்க கதையே ஓடுது. பச்சைக்குழந்தை விஷயத்துல இந்த "ஐ.எச்.பி.ஆர். விரிவு இல்லை" வரி ஆளையே கவுத்துடும், அதைச் சொல்லியே ஆகணும்.

பிலியரி அட்ரீசியாங்கிற நோய்ல ஈரலுக்கு வெளிய இருக்குற பித்தக்குழாய் நாராகி அடைஞ்சுபோயிருக்கும். அடைப்புன்னா பின்னாடி குழாய் வீங்கணும்தானேன்னு நினைப்போம். வீங்காது. உள்குழாய்களும் அதே நோய்ல சுருங்கிக்கிட்டே வர்றதால ஸ்கேன்ல விரிவு தெரியாது. "குழாய் நார்மல், வெயில்ல காட்டுங்க"ன்னு அனுப்பினா போச்சு.

பொறந்து 14 நாளுக்கு மேல மஞ்சள் நின்னா டைரக்ட் பிலிரூபின் தனியா பார்த்தே ஆகணும். டோட்டல் மட்டும் பார்த்து "10 தான்"னு விட்டுடக் கூடாது. டைரக்ட் 1 மி.கி.க்கு மேல போனா அது தாய்ப்பால் மஞ்சள் இல்லை. மலம் சுண்ணாம்பு நிறமா, களிமண் நிறமான்னு பகல் வெளிச்சத்துல டயப்பரைப் பிரிச்சுப் பாருங்க. வார்டுல இருக்குற டியூப்லைட்ல வெளுத்த மலமும் லேசா மஞ்சளாத்தான் தெரியும். ஒண்ணுக்கு துணியில மஞ்சக்கறை படிஞ்சா அதுவும் சரியில்லை, பச்சைக்குழந்தை மூத்திரம் தண்ணி மாதிரி இருக்கணும்.

கீழாநெல்லி அரைச்சு ஊத்தி மூணு வாரம் ஓட்டிடுறாங்க. இந்த நோய்ல மூணு வாரம்னா பெரிய நாள். கசாய் ஆபரேஷன் (அடைஞ்ச குழாயை எடுத்துட்டு ஈரல் வாயில குடலைத் தைக்கிறது) 60 நாளுக்குள்ள பண்ணினா பித்தம் இறங்க வாய்ப்பு அதிகம், நாள் தள்ளத் தள்ள அது குறையும். பென்னாகரம் மலையில இருந்து ஒரு குடும்பம் கிளம்பி சென்னையோ பெங்களூரோ போய்ச் சேர்றதுக்கே நாள் ஆகும், அதையும் கணக்குல வெச்சு அனுப்பணும்.

18 ஜூன் 2023, ஒசூர் ஸ்கேன்

சிஸ்டர் சொல்றது நூத்துக்கு நூறு. குழந்தைக்குப் பார்க்கும்போது குழாயை விட்டுட்டு பித்தப்பையைப் பாருங்க. 4 மணி நேரம் பால் கொடுக்காம வெச்சு, பை இருக்கா, சுவர் ஒழுங்கா இருக்கா, அப்புறம் பால் கொடுத்துட்டு சுருங்குதான்னு பார்க்கணும். போர்டா (குழாய்கள் ஈரலுக்குள்ள நுழையுற வாய்) பக்கத்துல வலது போர்டல் வெயினுக்கு முன்னாடி 4 மி.மீ.க்கு மேல தடிச்ச வெள்ளைப் பட்டை தெரிஞ்சா அதுதான் ட்ரையாங்குலர் கார்டு. இது இல்லைன்னாலும் நோய் இல்லைன்னு எழுதிடாதீங்க. பை நார்மலா இருந்தும் அட்ரீசியா இருக்கலாம்.

18 ஜூன் 2023, கண்ணாடிச்சில்லு

மோரியோ கசாய் 1959-இல் வெளியிட்ட அறுவையின் அடிப்படையே இந்த நுண்குழாய்கள்தான். நார்க்கட்டியாகிப் போன போர்டா ஹெபாட்டிஸ் திசுவைக் குறுக்கே சீவி, கண்ணுக்குத் தெரியாத குழாய் வாய்களின் மேல் குடலைக் கொண்டுபோய்த் தைப்பது. அந்த வெட்டுமுகத்தில் குழாய்கள் 150 மைக்ரானுக்கு மேல் இருந்தால் பித்தம் நன்றாக இறங்கும் என்று முன்பு அளந்து எழுதுவோம். இப்போது அதற்கு அவ்வளவு மதிப்பு கொடுப்பதில்லை. வயதும் நார்த்திசுவும்தான் பேசும்.

பயாப்ஸியில் அட்ரீசியாவுக்கு: எல்லா போர்டல் ட்ராக்ட்டிலும் டக்ட்யூலர் ரியாக்ஷன், டக்ட்யூலுக்குள் பித்தக்கட்டி, நீர்கோப்பு. 6 வாரத்துக்கு முன்பே எடுத்தால் இதெல்லாம் முழுசாக வந்திருக்காது. அப்போது இல்லை என்று எழுதினாலும் ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி எடுக்கச் சொல்லிச் சேர்த்தே எழுதுவது நல்லது.

குறைமாதக் குழந்தை என்றால் இன்னொரு பொறி. பித்தக்குழாய்கள் டக்டல் பிளேட் என்ற கருக்காலச் செல் அடுக்கிலிருந்து போர்டா பக்கம் தொடங்கி ஓரம் நோக்கி வளர்ந்துகொண்டே வரும், பிறக்கும்போதுகூட ஓரத்தில் வேலை மிச்சமிருக்கும். 32 வாரத்தில் பிறந்த குழந்தையின் ஸ்லைடில் டக்ட் குறைவாக இருப்பதைப் பார்த்து "பாசிட்டி" (குழாய்ப் பற்றாக்குறை), "அலாஜில்" (அதைப் பிறவியிலேயே தரும் நோய்) என்று எழுதக் கூடாது. அலாஜில் என்றால் தனித்த முகஜாடை, இதய முணுமுணுப்பு, பட்டாம்பூச்சி முதுகெலும்பு, கண்ணில் எம்ப்ரியோடாக்ஸான் (கருவிழி ஓரத்து வெள்ளைக் கோடு) இவற்றில் சிலவாவது சேர்ந்து வரவேண்டும். ஜே.ஏ.ஜி.1 ஜீனும் பார்க்க வேண்டும்.

19 ஜூன் 2023, போச்சம்பள்ளி வெட்

மனுஷ ஈரல் போதும், ஞாயிற்றுக்கிழமை சந்தை ஈரலுக்கு வாங்க. ஆட்டு ஈரலை போர்டாவுல குறுக்க வெட்டினா மூணு ஓட்டையும் கண்ணாலயே தெரியும். பெருசா, சுவர் மெல்லிசா, தொளதொளன்னு இருக்கிறது போர்டல் வெயின். சின்னதா விறைப்பா நிக்கிறது ஆர்ட்டரி. சுவர் வெள்ளையா, உள்ள பச்சைக்கறை படிஞ்சது பித்தக்குழாய். டி.எம்.எல்.டி. பசங்களுக்குப் படம் போட்டுக் காட்டுறதைவிட இது நல்லது. கையுறை போட்டுக்கச் சொல்லுங்க.

ஏரிக்கரையில, கே.ஆர்.பி. டேம் பாசனத்து ஓரத்துல மேய்ஞ்ச ஆடுன்னா வெட்டும்போது குழாயில இருந்து இலை மாதிரி தட்டைப்புழு வழுக்கிக்கிட்டு வரும். நம்மூர்ல பெரும்பாலும் ஃபேசியோலா ஜைகாண்டிகா, 3 முதல் 7 செ.மீ. இவ்வளவு பெரிய ஜந்து டக்ட்யூல்ல எப்படி நுழையும்னு கேக்காதீங்க, நுழையாது. குஞ்சா இருக்கும்போது குடல் சுவரைத் துளைச்சு, ஈரல் உறையைத் துளைச்சு, ஈரல் திசுவைத் தின்னுக்கிட்டே பல வாரம் சுத்தி, கடைசியில பெரிய குழாய்ல குடியேறும். அந்தக் குடைச்சல் காலத்துல சாணியில முட்டை இருக்காது. "முட்டை இல்லை, புழு இல்லை"ன்னு விட்டா ஆடு தாடை வீங்கிச் சாகும். ஆல்பெண்டசோல் வளர்ந்த புழுவை மட்டும்தான் அடிக்கும். குஞ்சையும் சேர்த்து அடிக்கிறது ட்ரைக்ளாபெண்டசோல், ஆட்டுக்கு கிலோவுக்கு 10 மி.கி. எடை பார்க்காம கண்ணளவுல ஊத்தினா டோஸ் குறைஞ்சு புழு மரத்துப்போகும்.

குழாய் ஏன் பீடிக்குச்சி மாதிரி தடிக்குதுன்னா உரசல் மட்டும் காரணமில்லை. இந்தப் புழு ப்ரோலின்ங்கிற அமினோ அமிலத்தை ஏகத்துக்குக் கக்கும். எலிகள்ல அதை மட்டும் செலுத்தியே குழாய்ச் சுவரைத் தடிக்க வெச்சுப் பார்த்திருக்காங்க.

19 ஜூன் 2023, தகடூரான்

வெட் சார், குதிரைக்குப் பித்தப்பையே இல்லைன்னு சொல்றாங்களே, அது நிஜமா?

19 ஜூன் 2023, போச்சம்பள்ளி வெட்

நிஜம். குதிரைக்கு இல்லை, எலிக்கு இல்லை, தளி காட்டுல சுத்துற யானைக்கும் இல்லை. சுண்டெலிக்கு மட்டும் உண்டு. குழாய் எல்லாத்துக்கும் உண்டு, சேமிச்சு வெக்கிற பைதான் கிடையாது.

21 ஜூன் 2023, பேனாக்கத்தி

பித்தப்பை ஆபரேஷன்ல இன்னொரு சின்னக்குழாய் இருக்கு, அதையும் இந்த உரையாடல் இழையில சேர்க்கலாமா? லுஷ்கா குழாய். பை ஒட்டியிருக்கிற ஈரல் படுக்கையில 1–2 மி.மீ. அகலத்துல ஓடும். லேப்ராஸ்கோப்ல பையை உரிக்கும்போது ஆழம் கொஞ்சம் தப்பினா அறுந்துடும். அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு மூணு நாள்ல வலி, வயிறு உப்பல், ட்ரெயின் இருந்தா அதுல பச்சைப் பித்தம். பித்தப்பையோட குழாயான சிஸ்டிக் டக்ட்ல போட்ட க்ளிப் நழுவுறதுக்கு அடுத்தபடியா பித்தக் கசிவுக்கு இதுதான் காரணம். இ.ஆர்.சி.பி. (எண்டோஸ்கோப் விட்டு குடல் வழியா பித்தக்குழாய்க்குப் போறது) பண்ணி, குழாய் குடல்ல திறக்குற வாயைக் கொஞ்சம் வெட்டி ஒரு ஸ்டென்ட் வெச்சா பித்தம் சுலபமான வழியில குடலுக்கு இறங்கும், கசிவு தானா மூடிக்கும். தேங்கினதை வெளிய எடுக்கணும், அதை மறந்துட்டு ஸ்டென்டை மட்டும் நம்பக் கூடாது.

21 ஜூன் 2023, கண்ணாடிச்சில்லு

சேர்க்கலாம், ஆனால் டக்ட்யூலோடு கலக்கக் கூடாது. 1 மி.மீ. என்பது இந்த இழையில் ராட்சசன். பித்தப்பைச் சுவருக்குள்ளேயே சளிப்படலம் குடைந்து போவது ரோக்கிட்டான்ஸ்கி-ஆஷாஃப் சைனஸ். அதையும் சிலர் லுஷ்கா கணக்கில் எழுதுகிறார்கள். அது கசியாது.

2 ஜூலை 2023, பர்கூர் மெடிசின்

தகடூரான் கேட்ட முதல் கேள்வியை மறந்துட்டு ஆடு, யானைன்னு போயிட்டோம். ஸ்கேன் நார்மல், ஆனா ரத்தத்துல பித்தத் தேக்கம். இந்த ஜோடி கையில வந்தா எப்படிப் போறதுன்னு சொல்றேன்.

முதல்ல ஆர் கணக்கு. எஸ்.ஜி.பி.டி.யை (ஈரல் செல் அடிபட்டா ஏறுற என்ஸைம்) அதோட நார்மல் உச்ச அளவால வகுங்க, ஏ.எல்.பி.யை அதோட நார்மல் உச்ச அளவால வகுங்க, முதலாவதை ரெண்டாவதால வகுங்க. எஸ்.ஜி.பி.டி. 120, உச்சம் 40, அது 3. ஏ.எல்.பி. 480, உச்சம் 120, அது 4. 3-ஐ 4-ஆல வகுத்தா 0.75. 2-க்குக் கீழன்னா பித்த வழிப் பிரச்சினை, 5-க்கு மேலன்னா ஈரல் செல், நடுவுல கலப்பு. லேபுக்கு லேப் உச்ச அளவு வேற, அதனால வெறும் நம்பரை மட்டும் எடுத்து வகுக்காதீங்க.

ஏ.எல்.பி. எலும்புல இருந்தும், கர்ப்பத்துல நஞ்சுக்கொடியில இருந்தும் வரும். வளர்ற பையனுக்கு, பிரசவம் நெருங்குற பொண்ணுக்கு ஏறியிருந்தா ஈரலைத் திட்டக் கூடாது. ஜி.ஜி.டி. சேர்ந்து ஏறியிருந்தா பித்த வழிதான்னு எடுத்துக்கலாம். ஆனா குடி, ஃபெனிட்டாயின் ரெண்டும் ஜி.ஜி.டி.யைத் தனியாவே தூக்கும்.

அடுத்தது மாத்திரைக் கணக்கு. அமாக்சிசிலின்-கிளாவுலனேட் முடிச்சு பல வாரம் கழிச்சுக்கூட மஞ்சள் வரும், அதனால "இப்ப என்ன சாப்பிடுறீங்க"ன்னு கேட்டா பத்தாது, ஒன்றரை ரெண்டு மாசம் பின்னாடி போய்க் கேக்கணும். ஜிம்ல எடுத்துக்கிற அனபாலிக் ஸ்டீராய்டுல, முக்கியமா மாத்திரையில, பிலிரூபின் 20, 30-ன்னு போகும், ஏ.எல்.பி. அவ்வளவா ஏறாது. ஸ்லைடுல கேனாலிகுலஸ் பூரா பித்தக்கட்டி, அழற்சியே இருக்காது.

நடுவயசுப் பொம்பளை, கண்ணுல மஞ்சள் இல்லை, அரிப்பு, சோர்வு, ஏ.எல்.பி. ரெண்டு மடங்கு, ஸ்கேன் நார்மல்: ஏ.எம்.ஏ. (ஒரு தன்னெதிர்ப்பொருள் டெஸ்ட்) அனுப்புங்க. பி.பி.சி.ல பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல பாசிட்டிவா வரும். 2015-ல இருந்து இதைப் ப்ரைமரி பிலியரி கொலாஞ்சைட்டிஸ்னுதான் சொல்றாங்க, சிர்ரோசிஸ்ங்கிற பேரை எடுத்தாச்சு, ஏன்னா பாதிப்பேருக்கு சிர்ரோசிஸே இருக்காது. அடி விழுறது இன்டர்லாபுலர் டக்ட்ல. மருந்து யு.டி.சி.ஏ. (அர்சோடியாக்சிகோலிக் அமிலம்), நாளுக்கு கிலோவுக்கு 13–15 மி.கி. 60 கிலோ ஆளுக்கு 300 மி.கி. மாத்திரை மூணு. ஈரல் டானிக் மாதிரி தினம் ஒரே ஒரு 300 கொடுத்துட்டு "கேக்கலை"ன்னு சொல்றது இந்தப் பக்கம் சகஜம். அரிப்புக்கு கொலெஸ்டிரமைன் பொடி கொடுத்தா ரெண்டுக்கும் நடுவுல 4 மணி நேரம் இடைவெளி விடணும், இல்லைன்னா பொடி யு.டி.சி.ஏ.வையே பிடிச்சு மலத்துல தள்ளிடும்.

ஏ.எம்.ஏ. நெகட்டிவ், எம்.ஆர்.சி.பி.யும் (எம்.ஆர்.ஐ.ல எடுக்குற பித்தக்குழாய்ப் படம்) நார்மல், ஆனா பெருங்குடல் புண்ணு (அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்) இருக்குன்னா ஸ்மால் டக்ட் பி.எஸ்.சி.யை (சின்னப் பித்தக்குழாய்களை நாராக்குற நோய்) யோசிங்க. அது ஸ்லைடுல மட்டும்தான் பிடிபடும்.

ஐ.சி.யு.ல செப்சிஸ்ல கிடக்குற ஆளுக்கு திடீர்னு மஞ்சள் ஏறினா, ஸ்கேன்ல குழாய் நார்மல்னா, கல்லைத் தேடி இ.ஆர்.சி.பி.க்கு ஓட வேண்டாம்.

2 ஜூலை 2023, கண்ணாடிச்சில்லு

கடைசி வரியைக் கொஞ்சம் விரிக்கிறேன். செப்சிஸில் போர்டல் ஓரத்து டக்ட்யூல்கள் விரிந்து, உள்ளே அடர்த்தியான பித்தக்கட்டி நிற்கும். நடுவில் இருக்கும் இன்டர்லாபுலர் டக்ட் சுத்தமாக இருக்கும். இந்தக் காட்சியைப் பார்த்தால் போனில் வார்டைக் கூப்பிட்டு இன்ஃபெக்ஷன் எங்கே என்று கேட்பேன், ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்கமாட்டேன்.

ஸ்லைடில் குழாய் எண்ணுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், மாணவர்கள் சறுக்குகிற இடம் இதுதான். ஆர்ட்டரியைத் தேடுங்கள். ஆர்ட்டரிக்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட அதே விட்டத்தில், போர்டல் ட்ராக்ட்டின் உள்பக்கம் நிற்பது இன்டர்லாபுலர் டக்ட். வட்டமான லூமென் இருக்கும். டக்ட்யூல் ஓரத்தில் நிற்கும், கூட ஆர்ட்டரி வராது, லூமென் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஆர்ட்டரி இருந்து டக்ட் இல்லாத ட்ராக்ட்டுகள் பாதிக்கு மேல் போனால் டக்டோபீனியா (குழாய் இழப்பு). குறைந்தது 10 ட்ராக்ட்டாவது எண்ணாமல் அதைச் சொல்லக் கூடாது. டக்ட் எல்லாம் செத்துப்போய், ஓரத்தில் டக்ட்யூல் மட்டும் ஏராளமாக நிற்கும் ஸ்லைடில் "குழாய்கள் பெருகியுள்ளன" என்று எழுதிவிட்டுப் போனால் நோயாளிக்கு நேர் எதிர்ச் செய்தி போய்ச் சேரும். சந்தேகம் என்றால் சி.கே.7. போர்டல் ஓரத்து ஹெபடோசைட்டும் சேர்ந்து பழுப்பானால் தேக்கம் நாள்பட்டது.

3 ஜூலை 2023, தகடூரான்

அந்த ஆளுக்கு டாக்டர் ஏ.எம்.ஏ. எழுதிட்டார். பயாப்ஸி பிட்டு 8 மி.மீ.தான் இருந்திருக்கு, 4 போர்டல் ட்ராக்ட்தான் எண்ண முடிஞ்சதுன்னு கீழே பொடி எழுத்துல இருக்கு. நான் அதைப் படிக்கவேயில்லை.

3 ஜூலை 2023, கண்ணாடிச்சில்லு

அந்தப் பொடி எழுத்துதான் ரிப்போர்ட்டிலேயே முக்கியமான வரி. 2 செ.மீ. நீளம், 16 கேஜ், 11 ட்ராக்ட் இருந்தால் நிம்மதி. இன்னும் மெல்லிய 18, 20 கேஜ் ஊசியில் எடுத்தால் ட்ராக்ட் ஓரம் சிதைந்து டக்ட்யூலா டக்டா என்று தீர்மானிக்கவே முடியாது. உறையை ஒட்டி எடுத்த துண்டில் நார்த்திசு இயல்பாகவே கூடுதலாக இருக்கும், அதை சிர்ரோசிஸ் என்று படிக்கும் ஆபத்தும் உண்டு. 4 ட்ராக்ட்டை வைத்து டக்டோபீனியா இல்லை என்றும் சொல்ல முடியாது, இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

9 செப்டம்பர் 2023, பாலக்கோடு லேப்

பழைய இழைதான், ஆனா பயாப்ஸி பேக்கிங் பத்தி யாரும் எழுதலை. ஒரு லிட்டர் நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின்: கடையில வர்ற 37–40 சதவீத ஃபார்மால்டிஹைடு 100 மி.லி., டிஸ்டில்டு வாட்டர் 900 மி.லி., சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் அன்ஹைட்ரஸ் 6.5 கிராம். பஃபர் போடாம வெறும் தண்ணி கலந்தா அமிலமாகி ஸ்லைடுல கருப்புப் புள்ளி விழும், அதைப் பித்தம்னு நினைக்க வாய்ப்பிருக்கு. துண்டோட அளவைப்போல குறைஞ்சது 10 மடங்கு ஃபார்மலின். சலைன்ல போட்டு ராத்திரி பஸ்ல சேலத்துக்கு அனுப்பினா காலையில செல் அழுகியிருக்கும், முதல்ல கழண்டு விழுறது குழாய்ச் செல்தான். ஊசியில இருந்து எடுக்கும்போது உலர்ந்த காஸ்ல வெக்காதீங்க, இழை ஒட்டிக்கிட்டு துண்டு நொறுங்கும். ஃபில்டர் பேப்பர்ல வெச்சு அப்படியே திரவத்துல இறக்குங்க.

9 செப்டம்பர் 2023, கண்ணாடிச்சில்லு

கருப்புப் புள்ளி பித்தமா ஃபார்மலின் பிக்மென்டா என்று தெரிய: போலரைஸ் பண்ணிப் பாருங்கள், ஃபார்மலின் பிக்மென்ட் மினுங்கும், பித்தம் மினுங்காது.

10 செப்டம்பர் 2023, தகடூரான்

பாட்டில் பத்தி எதுவும் இருக்கா?

10 செப்டம்பர் 2023, பாலக்கோடு லேப்

வாய் அகலமான ப்ளாஸ்டிக் டப்பா, திருகுமூடி. பேர், வயசு, ஐ.பி. நம்பர், எடுத்த நேரம் எல்லாம் டப்பா உடம்புல ஒட்டணும், மூடியில ஒட்டாதீங்க. லேப்ல ரெண்டு டப்பாவை ஒண்ணாத் திறந்தா மூடி மாறிடும். பென்சில்ல எழுதுங்க, பால்பாயின்ட் ஃபார்மலின் பட்டா கரைஞ்சிடும்.